நிறமும் வழியும்: துறைமுக நகரம் தரும் ஒரு பிறப்புரிமையியற் பாடம்

கடலாற் சூழப்பட்ட நிலமும் நிலத்தாற் சூழப்பட்ட கடலும் ஒருங்கே வாய்த்த ஊர் எமது திருகோணமலை. இதன் உட்துறைமுகத்தின் ஆழத்தையும் அடக்கத்தையும் அறிந்த பிறநாட்டார் பலர் நானூறு ஆண்டுகளாக இங்கே நங்கூரமிட்டனர். கப்பல்கள் திரும்பிச் சென்றன. ஆயினும் அவற்றில் வந்தோர் அனைவரும் திரும்பினாரல்லர். இங்கேயே மணம் முடித்து, மக்களைப் பெற்று, இம்மண்ணிலேயே அடங்கினோர் பலர். அவர்தம் வழித்தோன்றல்கள் எம் அயலிலும் கடைத்தெருவிலும் தொழிற்றலங்களிலும் எம்மோடு கலந்து வாழ்கின்றனர்.

இத்தகைய ஊரிலே அடிக்கடி எழும் கேள்வி ஒன்றுண்டு. ஒரே தாய்தந்தையர்க்குப் பிறந்த பிள்ளைகளுள் ஒன்று வெளிறிய நிறமும் பூனைக்கண்ணும் உடையதாயும், மற்றொன்று கருநிறமும் சுருண்ட கேசமும் உடையதாயும் தோன்றுவது எங்ஙனம்? இக்கேள்வி வியப்போடு நின்றுவிடுமாயின் குற்றமில்லை. ஆனால், அது தாயின் ஒழுக்கத்தை ஐயுறுவதிலும், கருநிறப் பிள்ளையை உடன்பிறந்தார்க்குக் கீழாக வைப்பதிலும், பெண் பார்க்க வருவோரின் முணுமுணுப்பிலும் சென்று முடிவதுண்டு. அறியாமையினாற் பிறந்த சொல் ஒரு குழந்தையின் நெஞ்சில் வாழ்நாள் முழுவதும் முள்ளாய் நிற்றலும் உண்டு.

ஆதலின், கலப்புக் குடும்பத்துக் குழந்தைகளின் தோற்றம் அமையும் வகையைப் பற்றி இன்றைய பிறப்புரிமையியல் கூறுவதை எம் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் எளிய முறையில் எடுத்துரைக்கப் புகுகின்றோம். இப்பாடத்தின் சாரம் ஒன்றே: முகத்தின் நிறம் வமிசாவளிப் பத்திரம் அன்று. அதனைக் கொண்டு ஒருவருடைய வழியைத் துணிதல் அறிவியலுக்கு ஒவ்வாது.

1. கப்பல்கள் கொணர்ந்த கலப்பு

முதற்கண் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1620 ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டுக் கப்பல்கள் இத்துறைக்கு வந்தன. 1622 இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணேசர் கோயிலை இடித்தான். அதன் கற்களைக் கொண்டு 1624 இல் கோட்டை எழுந்தது. 1639 இல் ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றினர். 1672 இலும் 1782 இலும் பிரெஞ்சுக்காரர் வந்து போயினர். 1795 இல் ஆங்கிலேயர் கைக்கொண்ட துறைமுகம் 1957 இலேயே இலங்கையின் பொறுப்பிற்கு வந்தது.

போர்த்துக்கேயக் கப்பல்களில் வந்தோர் பெரும்பாலும் ஆடவரே. தம் வீரர் உள்நாட்டுப் பெண்களை மணந்து குடியமர்தலை, 1510 இல் கோவையைக் கைப்பற்றிய அல்புகேர்க்கின் காலந்தொட்டே அவர் ஊக்குவித்தனர். இவ்வாறு தோன்றிய குடும்பங்களின் வழிவந்தோரே திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர். இவர்தம் முன்னோருள் ஐரோப்பியரோடு தமிழரும் சிங்களவரும் அடங்குவர். ஆட்சி மாறி நூற்றாண்டுகள் பல கடந்த பின்னரும், போர்த்துக்கேயம் அடிப்படையான ஒரு கலப்பு மொழி பாலையூற்றிலும் மட்டக்களப்பிலும் வீட்டுமொழியாய் நிலைத்தது. ஹியூகோ கார்டோசோ முதலிய மொழியியலறிஞர் அதனை இந்நூற்றாண்டில் ஆவணப்படுத்தியுள்ளனர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆபிரிக்காவினின்றும் போர்வீரராகவும் அடிமைகளாகவும் மக்களைக் கொணர்ந்தனர். அவர் வழிவந்தோர் புத்தளத்துச் சிறம்பியடியில் இன்றும் வாழ்கின்றனர்.

எம் மாவட்டத்தோடு தொடர்புடைய மற்றொரு செய்தியும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1660 இல் கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்டுக் கண்டி அரசனிடம் கொண்டு செல்லப்பட்ட ஆங்கிலேய மாலுமி இறொபேட் நொக்ஸ், 1679 இல் தப்பிச் சென்று, 1681 இல் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார். அவர் மணமின்றி இருந்தாராயினும், உடன் சிறைப்பட்டோர் பலர் அந்நாட்டுப் பெண்களை மணந்து மக்களைப் பெற்றனர். அத்தகைய குழந்தைகளுள் ஒருத்தியாகிய லூசியா என்பவளை நொக்ஸ் தம் பிள்ளைபோல் வளர்த்து, எலதெட்டவில் இருந்த தம் நிலத்தை அவளுக்கு உரியதாக்கினார். கலப்புக் குடும்பம் எமக்குப் புதிய செய்தி அன்று என்பது இதனாற் பெறப்படும்.

2. பாலும் நீரும் போன்றதா கலப்பு?

‘தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை’ என்பது பழமொழி. முற்காலத்து அறிஞரும், தந்தையின் இயல்பும் தாயின் இயல்பும் பாலும் நீரும்போல ஒன்றாய்க் கலந்துவிடும் என்றே எண்ணினர். அஃது உண்மையாயின், கலப்புக் குடும்பத்துப் பிள்ளைகள் அனைவரும் ஒரே நடுநிறத்தினராய்ப் பிறத்தல் வேண்டும். இரண்டாம் தலைமுறையிலும் அந்நடுநிறமே நிலைத்தல் வேண்டும். பாலில் நீரைக் கலந்தபின் இரண்டையும் மீட்டும் பிரித்தெடுத்தல் இயலாதன்றோ?

இக்கொள்கையைத் தகர்த்தவர் புரூன் நகரத்து மடாலயத் துறவி கிரகர் மெண்டல். பட்டாணிச் செடிகளைக் கொண்டு தாம் செய்த ஆய்வை அவர் 1865 இல் எடுத்துரைத்து, 1866 இல் வெளியிட்டார். உலகம் அதனைக் கவனித்தது 1900 இலேயாம். இயல்புகளைக் கடத்துவன கலந்து கரையும் நீர்மங்கள் அல்ல. தனித்து நிற்கும் அலகுகள் என்பதே அவர் கண்ட உண்மை. அவற்றைப் பரம்பரையலகுகள் என்கின்றோம். மரபணு என்ற பெயரும் வழங்கும்.

எமது வீட்டுச் சுளகிலேயே இதற்கு உவமை உண்டு. சிவப்பரிசியையும் வெள்ளையரிசியையும் ஒரு சுளகில் இட்டுக் கலக்குக. எட்ட நின்று நோக்குவார்க்கு அஃது ஓர் இளஞ்சிவப்புக் குவியலாய்த் தோன்றும். கிட்ட வந்து பார்ப்பின் சிவப்பு மணி சிவப்பாகவே உளது; வெள்ளை மணி வெள்ளையாகவே உளது. அள்ளும் பிடிக்கு ஏற்பச் சிவப்பு மிகுதலும் வெள்ளை மிகுதலும் கூடும். குழந்தையின் பிறப்பும் இத்தகைய ஓர் அள்ளுதலே.

எம் உடற்கலம் ஒவ்வொன்றிலும் 46 நிறமூர்த்தங்கள், 23 சோடிகளாய் உள்ளன. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தாய் தந்தது; மற்றையது தந்தை தந்தது. பரம்பரையலகுகள் இந்நிறமூர்த்தங்களின்மீதே அமைந்துள்ளன. ஆதலின் ஒவ்வோர் அலகும் பெரும்பாலும் இரண்டு படிகளாய் இருக்கும். அப்படிகள் சிறு வேறுபாடு உடையனவாயின், அவ்வேறு வடிவங்களை எதிருருக்கள் என்பர். முட்டையும் விந்தும் உருவாகும்போது, ஒடுக்கற்பிரிவு என்னும் நிகழ்ச்சியினால், சோடிக்கு ஒன்றாக 23 நிறமூர்த்தங்களே அவற்றுட் செல்கின்றன. எந்தச் சோடியில் எது செல்லும் என்பதற்கு நியமம் இல்லை. இத்தெரிவினால் மட்டுமே ஒருவரிடம் 83,88,608 வகைப் புணரிகள் தோன்றக்கூடும். அதன்மேலும், சோடி நிறமூர்த்தங்கள் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் வகைகள் எண்ணிலடங்காவாகின்றன. ஒருகரு இரட்டையரை ஒழிய, உடன்பிறந்தார் இருவர் ஒரே பிடியரிசியைப் பெறுதல் இயலாது என்க.

3. நிறத்தின் கணக்கு

தோலின் நிறத்தைத் தருவது மெலனின் என்னும் நிறப்பொருள். வெண்ணிறத்தாரிடமும் கருநிறத்தாரிடமும் மெலனினை ஆக்கும் கலங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. அக்கலங்கள் ஆக்கும் மெலனினின் அளவும் வகையும், அது தோலிற் பரவும் முறையுமே வேறுபடுகின்றன.

மெண்டலின் பட்டாணியில் ஒரு சோடி அலகு ஓர் இயல்பை முடிவு செய்தது. மனிதரின் நிறம் அவ்வளவு எளிதன்று. அமெரிக்க அறிஞர் சார்ள்ஸ் டவன்போர்ட் என்பார், யமேக்கா, பெர்மியூடா தீவுகளின் கலப்புக் குடும்பங்களை ஆராய்ந்து, இரு சோடி அலகுகள் நிறத்தை ஆள்கின்றன என 1913 இற் கூறினார். பல அலகுகள் சேர்ந்தே நிறத்தை ஆள்கின்றன என்னும் நெறி சரியே. இரண்டு என்னும் எண் மிகக் குறைவு. மெலனின் ஆக்கத்திற் பங்குகொள்ளும் 169 பரம்பரையலகுகளை 2023 இல் வெளிவந்த ஓர் ஆய்வு இனங்கண்டது. இவை யாவும் சம வலிமை உடையன அல்ல; சில பெரிதும், பல சிறிதுமாக நிறத்தைப் பாதிக்கின்றன.

கணக்கின் போக்கை உணர்தற்பொருட்டு மூன்று சோடிகளை மட்டும் கொள்வோம். ஒருவரிடம் ஆறு மணிகள் உள்ளன. சிவப்பு மணி நிறத்தைக் கூட்டுவது. வெள்ளை மணி கூட்டாதது. ஆறும் சிவப்பாகிய ஒருவரும் ஆறும் வெள்ளையாகிய ஒருவரும் மணந்தால், பிள்ளைகள் அனைவரும் மூன்று சிவப்பும் மூன்று வெள்ளையும் உடைய நடுநிறத்தினராவர். பால்நீர்க் கொள்கை இங்கே வென்றதுபோலத் தோன்றும்.

ஆனால், அத்தகைய நடுநிறத்தார் இருவர் தம்முள் மணந்தால் நிகழ்வது வேறு. அவர் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் சிவப்பு மணிகள் பூச்சியம் முதல் ஆறு வரை எதுவாயினும் ஆகலாம். 64 வாய்ப்புக்களுள் ஆறும் வெள்ளையாதல் 1, ஒரு சிவப்பு 6, இரண்டு சிவப்பு 15, மூன்று சிவப்பு 20, நான்கு 15, ஐந்து 6, ஆறும் சிவப்பாதல் 1. நடுநிறமே மிகுதி, எனினும் ஒரே வயிற்றிற் பிறந்தோர் நடுவினின்று இருபுறமும் விலகி நிற்றல் இயற்கையே. மாணவர் இதனைத் தாளில் எழுதிப் பார்ப்பாராயின் ஐயம் நீங்கும்.

இன்னும் ஒன்று. தாயிடமும் தந்தையிடமும் இவ்விரண்டு சிவப்பு மணிகளே உள்ளன எனக் கொள்வோம். இருவரும் வெளிறிய நிறத்தினரே. தந்தையின் இரண்டும் முதற்சோடியில் ஒன்றும் இரண்டாம் சோடியில் ஒன்றுமாய் உள்ளன. தாயின் இரண்டும் இரண்டாம் சோடியில் ஒன்றும் மூன்றாம் சோடியில் ஒன்றுமாய் உள்ளன. இவர்களுடைய பிள்ளை, நான்கையும் ஒருங்கே பெறுதற்கு 16 இல் ஒரு வாய்ப்பு உண்டு. ஒன்றையும் பெறாதிருத்தற்கும் அதே வாய்ப்பு உண்டு. முதற்பிள்ளை பெற்றோரிற் கருமையாயும், அடுத்த பிள்ளை பெற்றோரிலும் வெளிறியதாயும் பிறத்தல் இங்ஙனமே. தாய்மீது ஐயங்கொள்ள இதில் ஓரணுவளவும் இடமில்லை. ஊரார் வாயால் உரைக்கும் தீர்ப்பைக் கணக்கே மறுக்கின்றது.

ஒருமித்துக் கருவுற்ற இருகரு இரட்டையருக்கும் இக்கணக்கே பொருந்தும். கலப்புக் குடும்பங்களில் ஒருவர் வெண்ணிறமும் மற்றவர் கருநிறமுமான இரட்டையர் பிறந்த செய்திகள் உலகின் பல பாகங்களில் உண்மையாகவே பதிவாகியுள்ளன.

4. வெள்ளை மணி யாருடையது?

மேற்கூறிய கணக்கிலே ஆறும் சிவப்பானவர், ஆறும் வெள்ளையானவர் என இருவரைக் கற்பனை செய்தோம். உண்மை உலகில் ஒரு மக்கட்கூட்டத்தை அவ்வாறு ஒரே மணியினதாகக் கொள்ளல் பொருந்தாது. இதற்கு எம் நாடே சான்று.

2005 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர், வெளிறிய நிறமுடைய ஒருவகைச் சிறு வரிமீனை ஆராயப் புகுந்து, எஸ்.எல்.சி. 24 ஏ 5 என்னும் பரம்பரையலகினைக் கண்டனர். அவ்வலகு ஆக்கும் புரதத்தின் 111 ஆம் இடத்தில் அலனீன் என்ற அமினோவமிலம் இருத்தல் பழைய வடிவம். திரியோனீன் இருத்தல் நிறத்தைக் குறைக்கும் வடிவம். ஐரோப்பியரிடம் இப்பின்னைய வடிவமே ஏறத்தாழ முற்றாகக் காணப்படுகின்றது.

இதனைக் கேட்டவுடன், ‘அவ்வடிவம் எம்மவரிடம் காணப்பட்டால் அது பறங்கியர் தந்தது’ என்று சிலர் கருதலாம். ஆனால், 2007 இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வாளரின் கட்டுரை, இலங்கைச் சிங்களவரிடமும் தமிழரிடமும் இவ்விரு வடிவங்களும் கணிசமாய்க் கலந்திருத்தலைக் காட்டியது. ஐதராபாத்திலுள்ள கல, மூலக்கூற்று உயிரியல் நிலையத்தாரும் பிறநாட்டு அறிஞரும் சேர்ந்து 2013 இல் வெளியிட்ட ஆய்வு, தென்னாசியரிடமும் ஐரோப்பியரிடமும் உள்ள இவ்வடிவம் ஒரே பண்டைய மூதாதையினின்று வந்தது என நிறுவியது. அஃது இந்திய நிலப்பரப்பிற் பரவியமை, வாஸ்கோ ட காமா 1498 இற் கள்ளிக்கோட்டையை அடைந்ததற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முற்பட்ட கதை.

இதனாற் பெறப்படுவன இரண்டு. முதலாவது, தமிழ்க் குடும்பமொன்றில் வெண்ணிறக் குழந்தை பிறந்தால் அதன் முன்னோருள் ஐரோப்பியர் இருந்தார் என்று துணிய முடியாது. அம்மணி எம் சுளகிலே ஆதிமுதல் இருந்ததே. இரண்டாவது, தமிழரும் ஐரோப்பியரும் மணந்த முதற்றலைமுறையிலேயே பிள்ளைகளின் நிறம் வேறுபடும். தமிழ்ப் பெற்றோரிடம் இருவகை மணிகளும் இருத்தலால், ஒரு பிள்ளைக்குச் சிவப்பும் மற்றொன்றுக்கு வெள்ளையும் அவரிடமிருந்து செல்லக்கூடும்.

ஆபிரிக்கரிடமும் இவ்வாறே. 2017 இல் அக்கண்டத்து மக்களிடம் நிகழ்ந்த ஆய்வு, நிறத்தைக் கூட்டும் வடிவங்களும் குறைக்கும் வடிவங்களும் ஆங்கே தொன்றுதொட்டு ஒருங்கே நிலவுதலைக் காட்டிற்று. ‘கறுப்பர் குருதி’, ‘வெள்ளையர் குருதி’ என்னும் பேச்சிற்கு அறிவியலில் இடமில்லை.

5. கண்ணும் கேசமும்

கண்ணின் நிறம் கிருட்டிணப் படலத்திலுள்ள மெலனினைப் பொறுத்தது. மெலனின் மிகுந்தால் கபிலம். குறைந்தால் பச்சை, நீலம். நீலக்கண்ணிற் சிறப்பான நீல நிறப்பொருள் எதுவும் இல்லை. வானம் நீலமாய்த் தோன்றுவதுபோல ஒளி சிதறுதலே அதற்குக் காரணம். ஓ.சி.ஏ. 2 என்னும் அலகின் தொழிலைக் குறைக்கும் ஒரு மாற்றம் அதன் அயலிலுள்ள ஹேர்க் 2 என்னும் அலகினுள் இருப்பதை 2008 இல் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டனர்.

இம்மாற்றம் பெரும்பாலும் பின்னிடைவான இயல்புடையது. அதாவது, தாய் தந்த படியிலும் தந்தை தந்த படியிலும் அஃது இருந்தாலன்றி வெளிப்படுவது அரிது. ஆதலின், அது கபிலக் கண்ணுடையார் பலரிடம் தலைமுறை தலைமுறையாய் மறைந்து சென்று, அதனை உடைய இருவர் மணந்தபோது பேரப்பிள்ளையின் கண்ணில் வெளிப்படுதல் கூடும். பறங்கியர் தம் சமூகத்துள்ளேயே பெரிதும் மணம் செய்த காலத்தில் இவ்வெளிப்பாட்டிற்கு வாய்ப்பு மிகுதி. எனினும், கண்ணின் நிறத்திலும் வேறு பல அலகுகள் தலையிடுவதால், ‘இன்ன பெற்றோர்க்கு இன்ன கண்ணே’ என விதி வகுத்தல் தவறு. கேசத்தின் சுருளும் பல அலகுகளின் விளைவே. சுருண்ட கேசத்தாரும் நேரிய கேசத்தாரும் மணந்தால், அலையலையான இடைநிலைக் கேசம் பெரும்பாலும் தோன்றும்.

நிறத்தின் அலகுகளும் கேசத்தின் அலகுகளும் மூக்கின் வடிவை ஆள்வனவும் பெரும்பாலும் வெவ்வேறு நிறமூர்த்தங்களில் தனித்தனியே கடத்தப்படுகின்றன. ஆதலால், தந்தையின் நிறத்தோடு தாயின் மூக்கும், பாட்டியின் கேசமும் ஒரு முகத்திற் கூடுதல் இயல்பே.

தாய்மார் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. பிறந்த குழவியின் நிறம் அதன் இறுதி நிறம் அன்று. மெலனின் ஆக்கம் பிறந்த பின்னரே முழுமை அடைவதால், முதற்சில வாரங்களிலும் மாதங்களிலும் நிறம் கூடுதல் இயற்கை. வெளிறிய கண்களும் முதலாண்டிற் கருமை பெறலாம். பிறந்த அறையிலேயே குழந்தையின் நிறத்தைக் கொண்டு குலம் பேசத் தொடங்குவோர் இதனை அறிவாராக. கருவுற்ற தாய் குங்குமப்பூவைப் பாலில் இட்டு அருந்தினாற் குழந்தை சிவப்பாய்ப் பிறக்கும் என்பதும் வெறும் நம்பிக்கையே. பால் உடலுக்கு நன்று. பூவோ பரம்பரையலகை மாற்றும் ஆற்றல் உடையதன்று. இனி, கடலிற் காயும் மீனவர்க்கும் வயலில் உழைப்போர்க்கும் வெயில் தரும் கருமை, உழைப்பின் அடையாளமேயன்றிப் பரம்பரையின் அடையாளம் ஆகாது. அது பிள்ளைகளுக்குக் கடத்தப்படுவதும் இல்லை.

6. பெயர் ஒரு வழி, முகம் ஒரு வழி

பறங்கியர் யாவர் என்ற வினா ஆங்கிலேயர் ஆட்சியிற் சட்ட வினாவாகவும் எழுந்தது. கோல்புரூக் ஆணைக்குழுவின் காலத்திற் பிரதம நீதியரசராய் இருந்த சேர் றிச்சேட் ஒட்லி அதற்கு விடை பகர்ந்தார். தந்தைவழி முன்னோர் ஐரோப்பியராயின், எத்தனை தலைமுறை கழியினும், தாயர் எந்நாட்டினராயினும், பெற்றோர் முறைப்படி மணந்தவராயின் பிள்ளைகள் பறங்கியர். மணமின்றேல் தாயின் நாடே பிள்ளையின் நாடு என்பது அவர் கருத்தின் சுருக்கம். 1908 இல் நிறுவப்பெற்ற ஒல்லாந்தப் பறங்கியர் சங்கமும் தந்தைவழி மரபையே அளவுகோலாய்க் கொண்டது.

சட்டம் தன் வசதிக்காக ஒரு நூலை மட்டும் பற்றிக்கொண்டது. இயற்கையில் அந்நூலுக்கு ஒப்பானது வை நிறமூர்த்தம். அது தந்தையினின்று மகனுக்கு, மகனினின்று பேரனுக்கு எனக் குடும்பப் பெயர்போலச் செல்வது. ஆனால், பரம்பரைச் செல்வம் முழுவதிலும் அதன் பங்கு நூற்றுக்கு இரண்டளவே. அதற்கு மாறாக, கலத்தினுள் இருக்கும் இழைமணிகளின் பரம்பரைப்பொருள் தாயினின்றே வருவது. அதன் பங்கு இன்னும் மிகச் சிறிது. எஞ்சிய பெரும்பகுதி எல்லா முன்னோரிடமிருந்தும் கலந்து வருகின்றது.

ஒவ்வொருவர்க்கும் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். இவ்வாறு இரட்டித்துச் சென்றால் பத்தாம் தலைமுறையில் 1,024 இடங்கள். பதினான்காம் தலைமுறையில் 16,384 இடங்கள். ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றிய காலம் இன்றைக்கு ஏறத்தாழ அத்தனை தலைமுறை முற்பட்டது. அக்காலத்து முன்னோன் ஒருவன் அவ்விடங்களுள் ஒன்றை மட்டும் நிரப்பினனாயின், அவனிடமிருந்து இன்று ஒருவர்க்குக் கிடைக்கும் சராசரிப் பங்கு 16,384 இல் ஒன்று. பரம்பரைப்பொருள் துண்டு துண்டாகவே கடத்தப்படுவதால், வை நிறமூர்த்த வழி அல்லாதார் பலர்க்கு அவன் துண்டு ஒன்றேனும் கிடையாமலும் போகலாம். பெயர் முழுதாய் வந்து சேரும். முன்னோன் வந்து சேரான்.

உடன்பிறந்தாரிடையேயும் பங்கு சமமன்று. இருவர் தம்முள் சராசரியாகப் பாதியைப் பகிர்கின்றனர் எனினும், 2006 இல் வெளிவந்த ஆய்வில் அஃது ஏறத்தாழ நூற்றுக்கு 37 முதல் 62 வரை வேறுபட்டிருந்தது.

பெயரும் தானே எப்போதும் வழியைக் காட்டுமோ எனின், அதுவும் இல்லை. பெரேரா, பெர்னாண்டோ, டி சில்வா முதலிய பெயர்களைப் பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் ஞானஸ்நானம் பெற்ற சிங்களவரும் தமிழரும் ஏற்றனர். அவர் வழிவந்தோரிற் பலர்க்கு ஐரோப்பிய முன்னோர் எவரும் இலர். ஆகவே, பெயர் கொண்டு முகத்தையும் முகம் கொண்டு பெயரையும் துணிதல் இருபுறமும் பிழைபடும்.

7. அறிவியலின் பெயரால் நிகழ்ந்த அநீதி

இப்பாடத்தை முடிக்குமுன் ஓர் எச்சரிக்கை. முன்னர்க் குறிப்பிட்ட டவன்போர்ட், 1929 இல் ஸ்ரெகெர்டா என்பாருடன் சேர்ந்து யமேக்காவின் கலப்பு மக்களைப் பற்றி வெளியிட்ட நூலில், கலப்பினர் உடலமைப்பிலும் அறிவிலும் பொருத்தமற்றவர் என்று காட்ட முயன்றார். அவர் திரட்டிய அளவைகளே அம்முடிபைத் தாங்கவில்லை என அக்காலத்து அறிஞரே கண்டித்தனர். எனினும், அத்தகைய எழுத்துக்கள் பல நாடுகளிற் கொடிய சட்டங்களுக்குத் துணையாயின. வேர்ஜீனியா மாநிலம் வெள்ளையரும் பிறரும் மணத்தலைத் தடைசெய்த சட்டத்தை அமெரிக்க உயர்நீதிமன்றம் 1967 இலேயே நீக்கியது.

அறிவியல் பின்னர்த் தன்னைத் திருத்திக்கொண்டது. 1972 இல் றிச்சேட் லெவொண்டின் செய்த கணக்கீட்டின்படி, மனிதரிடையேயுள்ள பரம்பரை வேறுபாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பங்கு ஒவ்வொரு மக்கட்கூட்டத்தின் உள்ளேயே அமைகின்றது. திருகோணமலைத் தெருவொன்றில் எதிர்வீடுகளில் வாழும் தமிழர் இருவரிடையே உள்ள வேறுபாடு, தமிழர் ஒருவர்க்கும் போர்த்துக்கேயர் ஒருவர்க்கும் உள்ள வேறுபாட்டிற்குப் பெரிதும் குறைந்ததன்று. நிறமோ வெயிலுக்கேற்ப உடல் கொண்ட போர்வை. கடும்வெயில் நாடுகளில் மெலனின் உடலைக் காக்கின்றது. வெயில் குறைந்த நாடுகளில் வெளிறிய தோல் உயிர்ச்சத்து டீயை ஆக்க உதவுகின்றது. அப்போர்வையைக் கொண்டு அறிவையும் ஒழுக்கத்தையும் அளக்கத் தொடங்குவது பேதைமை.

8. நாம் செய்யத்தக்கது

பாடம் ஏட்டளவில் நின்றாற் பயனில்லை. பட்டப்பெயர்கள் வகுப்பறையிலேயே பிறக்கின்றன. நிறத்தை இட்டு ஒரு மாணவனை அழைக்கும் பெயர் விளையாட்டாய்த் தொடங்கினும், அதனைச் சுமப்பவனுக்கு அது விளையாட்டன்று. ஆசிரியர் அப்பெயரைக் கேட்டுச் சிரித்துவிட்டுச் செல்லாது, மூன்று சோடி மணிகளின் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவாராயின், ஒரு தண்டனை செய்யாததை அக்கணக்குச் செய்யும்.

பழைய மாணவர் பலர் இன்று தந்தையராயும் பேரராயும் உள்ளனர். கடல் கடந்து இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழ்வோரின் இல்லங்களிற் பிறநாட்டு மருமக்கள் புகுந்துள்ளனர். முன்னர்க் கப்பல் கொணர்ந்த கலப்பை இன்று விமானம் கொணர்கின்றது. பேரப்பிள்ளையின் படத்தை ஊருக்கு அனுப்பும்போது, ‘யாரைப் போல’ என்னும் கேள்வி உறவினரிடமிருந்து உடனே வரும். அதற்கு அறிவியல் தரும் விடை இதுவே: அக்குழந்தை இருபக்கத்து முன்னோர் ஆயிரவரிடமிருந்தும் சிறிது சிறிது பெற்று, அவருள் ஒருவரையும் முற்றிலும் ஒவ்வாது, முன்னொருபோதும் பிறவாத ஒரு முகத்தோடு வந்துள்ளது.

அக்குழந்தை வெளிறியதாயினும் கரியதாயினும் இருபக்கத்துக்கும் உரியதே. ஒரு பக்கத்தார் நிறத்தை நோக்கி அணைப்பதும் மறுபக்கத்தார் நிறத்தை நோக்கி விலகுவதும் அதன் உரிமையைக் கூட்டவோ குறைக்கவோ மாட்டா. எல்லாத் திசைக் கப்பலுக்கும் இடமளித்த துறைமுகத்தின் மக்கள், தம் இல்லத்திற் பிறக்கும் எந்த நிறத்துக் குழந்தைக்கும் மடியில் இடமளிப்பாராக.